வீட்டில் பீர் காய்ச்சுபவர்களே, 30 லிட்டர் வீட்டுக்குத்தான், ஆளுக்கல்ல

தீபாவளி நெருங்கினால் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் படம் வராமல் இருப்பதில்லை. பழுப்பு நிறப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு ரிப்பன். கீழே, “வீட்டிலேயே காய்ச்சியது, பாட்டில் எட்டு வெள்ளி, ஈசூன் வட்டாரத்தில் இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம்” என்று எழுதி, தொலைபேசி எண்ணும் கொடுத்திருப்பார்கள். தங்கள் மீதான வழக்குக்குத் தாங்களே சாட்சியத்தைத் தயாரித்து நூறு பேருக்கு அனுப்பியிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. எடுத்துச் சொன்னால், “முறுக்கு சுட்டு விற்கிறார்களே, கேக் செய்து விற்கிறார்களே, இது மட்டும் ஏன் கூடாது?” என்று கேட்கிறார்கள்.

முறுக்குக்குக் கலால் வரி கிடையாது. மதுவுக்கு உண்டு. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதன் விளைவு பெரிது.

சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்காக வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றமல்ல. 2004 முதல் சிங்கப்பூர்ச் சுங்கத்துறை இதற்கு உரிமத்திலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. பீர், சைடர், பழ ஒயின் போன்ற நொதிக்கவைத்த பானங்களுக்கு மட்டுமே இந்த விலக்கு பொருந்தும். காய்ச்சுபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். காய்ச்சுவது அவருடைய வீட்டில்தான் நடக்க வேண்டும். வாலை வைத்து வடிக்கக் கூடாது. விற்கக் கூடாது. ஒரு குடும்பம் மாதத்துக்கு 30 லிட்டருக்கு மேல் காய்ச்சக் கூடாது.

அந்தக் கடைசி வரியில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஆளுக்கு 30, ஆக 60 லிட்டர் என்று கணக்குப் போடுகிறார்கள். தவறு. கணவன், மனைவி, மாமனார், மச்சான் என ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் மொத்தம் 30 லிட்டர்தான். அடுத்த சிக்கல் டப்பாவிலிருந்து வருகிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 1.7 கிலோ மால்ட் சாற்று டப்பாவில் 23 லிட்டர் பீர் செய்யலாம். மாதத் தொடக்கத்தில் ஒன்றைக் கலக்கி, அது பாட்டிலுக்குப் போனதும் அதே மாதக் கடைசியில் இன்னொன்றைக் கலக்கினால் 46 லிட்டர் ஆகிவிடும். ஆசையாகத் தொடங்கிய ஒருவர் இரண்டாவது டப்பாவைத் திறக்கும்போதே வரம்பைத் தாண்டிவிடுகிறார். நான் பார்த்த டப்பாக்கள் எதிலும் இந்த 30 லிட்டர் வரம்பு அச்சிடப்பட்டிருக்கவில்லை. விற்கிற கடைக்காரரும் சொல்வதில்லை. நான்கு மொழிகளில் ஒரு துண்டுச்சீட்டை ஒட்டித்தான் விற்க வேண்டும் என்று அதிகாரிகள் உத்தரவிட என்ன தடை என்பது எனக்கு விளங்கவில்லை.

எனவே மாதம் ஒரு டப்பா. அதற்கு மேல் வேண்டாம். கூடவே ஒரு சாதாரணப் பயிற்சிப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். கலந்த தேதி, எத்தனை லிட்டர், தொடக்க அடர்த்தி, இறுதி அடர்த்தி, பாட்டிலில் அடைத்த தேதி, எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். டப்பா, ஈஸ்ட் வாங்கிய ரசீதுகளை அதன் பக்கங்களிலேயே ஒட்டிவிடுங்கள். விலக்கின் நிபந்தனைகளில் இப்படி ஒரு புத்தகம் கேட்கப்படவில்லை. ஆனால் யாராவது புகார் கொடுத்து அதிகாரி கதவைத் தட்டினால், மாதத்துக்கு 23 லிட்டர்தான் காய்ச்சினேன் என்பதைக் காட்ட இதைவிட நல்ல சான்று உங்களிடம் இருக்காது. குப்பையில் போட்ட ரசீது உதவாது.

இனி லாபக் கணக்கு. பீருக்கான கலால் வரி, அதில் உள்ள மதுசாரத்தின் அளவைப் பொறுத்தது. ஒரு லிட்டர் மதுசாரத்துக்கு 60 வெள்ளி. 5 விழுக்காடு மதுசாரம் உள்ள 330 மில்லிலிட்டர் டின் ஒன்றில் இந்த வரி மட்டும் 99 காசு. அதே வலிமையில் 23 லிட்டர் காய்ச்சினால், அரசாங்கம் உங்களுக்கு விட்டுக்கொடுப்பது 69 வெள்ளி. ஒரு டப்பாவுக்கு இது பெரிய சலுகை, மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர் வெப்பத்தில் அந்த மிச்சம் நிற்காது. ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுச் சமையலறை பகலில் 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் நொதித்தால் தின்னர் வாடையும், குடித்த மறுநாள் தலைவலியும்தான் மிஞ்சும். ஆகவே பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்று, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி, அதற்கு மின்கட்டணம் என்று செலவு வளரும். பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். மால்ட்டையும் ஹாப்ஸையும் தன் விருப்பப்படி தேர்ந்தெடுத்து, கடையில் கிடைக்காத சுவையைத் தன் கையால் உண்டாக்குகிறோம் என்ற மகிழ்ச்சி போதும் என்பவர்கள் தாராளமாக இறங்கலாம். அந்த மகிழ்ச்சி உண்மையானது.

ஆனால் அந்த 69 வெள்ளி சொந்த உபயோகத்துக்காக விட்டுக்கொடுத்த பணம். ஒரு பாட்டிலை விற்றாலும் விலக்கு போய்விடும், வரி ஏய்ப்பு ஆகிவிடும். ஏய்த்த வரியைப் போல 20 மடங்கு வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். “விற்கவில்லை, பாட்டில் காசு மட்டும் வாங்கினேன்”, “கூட்டாகப் பணம் போட்டோம்” என்பவற்றை நம்பி இறங்காதீர்கள். பணம் கைமாறினால் விற்பனை என்றுதான் கேட்பார்கள். உண்மையிலேயே தொழிலாகச் செய்ய ஆசை இருந்தால் வழி வேறு. மது தயாரிக்கச் சுங்கத்துறையின் உரிமம், உணவுத் தயாரிப்புக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம், விற்கக் காவல்துறையின் மதுபான உரிமம் ஆகியவை வேண்டும். வீவக வீட்டு முகவரியை எழுதி இவற்றைப் பெறலாம் என்று எண்ணாதீர்கள்.

இன்னும் இரண்டு ஆபத்துகள். நொதித்து முடியும் முன் பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும். ஹைட்ரோமீட்டரில் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். எண் மாறாமல் இருந்தால்தான் அடைக்கலாம். அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு ஆறேழு கிராம் போதும். சோயா சாஸ் பாட்டிலைக் கழுவி அதில் அடைக்கிறார்கள், அது அழுத்தம் தாங்கச் செய்த கண்ணாடி அல்ல. புதியவர்கள் சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டிலைப் பயன்படுத்தலாம், விரலால் அமுக்கிப் பார்த்தாலே அழுத்தம் தெரிந்துவிடும்.

அடுத்தது வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் அறை. சற்றுக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நொதிக்கும் தொட்டியை அங்கே வைத்து இரும்புக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். 23 லிட்டர் பீர் நொதிக்கும்போது 450 லிட்டருக்கும் மேல் கரியமில வாயு வெளியேறும், அதில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். காற்றைவிடக் கனமான வாயு அது, தரையோடு தேங்கி நிற்கும். அந்த அறைக்குள் குனிந்து சாமான் எடுக்கும் பாட்டியையும், ஒளிந்து விளையாடும் பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். கதவைச் சாத்தாதீர்கள். முடிந்தால் தொட்டியை அங்கே வைக்கவே வைக்காதீர்கள்.

தமிழ்நாட்டுக்குப் போகும்போது அங்குள்ள உறவினருக்கு ஒரு டப்பாவும் தொட்டியும் வாங்கிப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், தயாரிக்கும் நோக்கில் கருவிகளை வைத்திருப்பதும் குற்றம். பீரும் அந்தச் சட்டத்தில் மதுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பிறகு, அதே ஆண்டில் தண்டனைகளையும் கடுமையாக்கிவிட்டார்கள். அங்குள்ள உங்கள் உறவினருக்குச் சிங்கப்பூர் விலக்கு பொருந்தாது. மீண்டும் சொல்கிறேன், பயணப் பெட்டியில் வைக்காதீர்கள்.

ஏற்கெனவே விற்றுவிட்டவர்கள், வரம்பு மீறிவிட்டவர்கள் பயத்தில் வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துச் செய்திகளை அழிக்கிறார்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். சுங்கத்துறையில், தவறு செய்தவர் தாமாக முன்வந்து தெரிவிக்க ஒரு திட்டம் இருக்கிறது. எந்தெந்தத் தேதிகளில் எத்தனை லிட்டர் காய்ச்சினீர்கள், மதுசார விழுக்காடு என்ன, எத்தனை பாட்டில் யாருக்கு என்ன விலைக்குப் போயிற்று என்பதை எழுதி, ரசீதுகளையும் பணப் பரிமாற்றப் பதிவுகளையும் சேர்த்து அனுப்புங்கள். முன்வந்து சொன்னது தண்டனையைத் தீர்மானிக்கும்போது உங்களுக்குச் சாதகமாகக் கருதப்படும். ஆனால் சுங்கத்துறை விசாரணையைத் தொடங்கும் முன் அது அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும். விசாரணைக் கடிதம் வந்த பிறகு எழுதினால் அது தாமாக முன்வந்ததாகக் கொள்ளப்படாது.