நகரும் மணலும் கரையும் ஊர்களும்: கடலரிப்பு எப்படி நிகழ்கிறது?

கடற்கரை மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் கரையை ஒட்டியே ஊர்ந்து செல்கிறது. இந்த ஓட்டம் தடையின்றி நடக்கும்வரை கடற்கரை அகலம் குறையாமல் இருக்கும். எங்கேனும் தடை விழுந்தால் ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் கரை கரையத் தொடங்கும். இன்று கடலோரக் குப்பங்கள் பலவற்றை அச்சுறுத்தும் கடலரிப்பின் அடிப்படை இதுதான்.

மணல் எப்படி நகர்கிறது?

அலைகள் பெரும்பாலும் கரையைச் சாய்வாகவே வந்து மோதுகின்றன. ஏறும் நீர் மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. இறங்கும் நீரோ சரிவை ஒட்டி நேராகக் கீழே இழுத்துச் செல்கிறது. ஒவ்வொரு அலைக்கும் மணல் சிறிது தூரம் பக்கவாட்டில் இடம் மாறுகிறது. அலை உடையும் இடத்துக்கும் கரைக்கும் நடுவே ஓடும் நீரோட்டம் இந்த நகர்வை விரைவாக்குகிறது.

மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கே கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாடைக்காற்று எழுப்பும் அலைகள் அதைத் தெற்கே திருப்புகின்றன. வடக்கே போகும் மாதங்கள் அதிகம் என்பதால், ஆண்டுக் கணக்கில் மணல் வடக்கு நோக்கியே செல்கிறது.

கரைக்கும் கடலுக்கும் இடையிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. புயல் காலத்துப் பெரிய அலைகள் கரை மணலை இழுத்துச் சென்று, சற்றுத் தொலைவில் கடலடியில் திட்டாகச் சேர்க்கின்றன. கடல் அமைதியான மாதங்களில் சிறிய அலைகள் அதை மெல்லத் திரும்பக் கொண்டு வருகின்றன. அலை எட்டாத மேட்டில் அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துவதால் மணல்மேடுகள் உருவாகின்றன. புயலின்போது கடலுக்குக் கொடுக்க, கரையிடம் இருக்கும் சேமிப்பு இந்த மேடுகளே. ஆகவே ஒரு புயலில் கரை குறுகுவது இயல்பு. போன மணல் திரும்பாமல் ஆண்டுக்கு ஆண்டு கரை பின்வாங்கினால்தான் அது நிலையான அரிப்பு.

வரத்து குறைவது ஏன்?

இந்த மணலில் பெரும்பங்கு ஆறுகள் கொண்டு வந்தது. காவிரியும் தென்பெண்ணையும் பாலாறும் வெள்ளக் காலங்களில் கடலுக்கு மணல் தந்தன. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும் அதன்பின் வந்த அணைகளும் வெள்ளத்தோடு மணலையும் தடுத்து நிறுத்தின. ஆற்றுப் படுகைகளில் நடந்த மணல் அள்ளுதல் மிச்சத்தையும் குறைத்தது. வரத்து சுருங்கிய நிலையில், கரையோர ஓட்டத்தில் ஏற்படும் ஒவ்வொரு தடையும் முன்னைவிடக் கடுமையாகத் தாக்குகிறது.

சென்னையும் புதுச்சேரியும்

சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1876இல் தொடங்கியது. அதற்கு முன் கடல், கோட்டைச் சுவருக்கு அருகிலேயே இருந்தது. கடலுக்குள் நீட்டிக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கே போகும் மணலை மறித்தன. தெற்கே ஆண்டுதோறும் மணல் சேர்ந்தது. இன்றைய மெரினாவின் அகலம் அப்படி வந்ததே. அதே காரணத்தால் வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையிலான கரைக்கு மணல் வரவில்லை. வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. எஞ்சியதைக் காக்கக் கருங்கல் சுவர் எழுப்பப்பட்டது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியபின் அரிப்பு அதற்கு வடக்கேயும் தொடர்ந்தது.

புதுச்சேரியில் 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கான தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே அனுப்பும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்காததால் நகரின் கடற்கரைச் சாலைக்கு முன்னிருந்த மணற்பரப்பு மறைந்து, கற்குவியல் மட்டும் மிஞ்சியது. பிறகு அரிப்பு வடக்கே நகர்ந்து, தமிழக எல்லைக்குள் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் ஆகிய ஊர்களையும் எட்டியது.

தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரையிலான மாற்றங்களை ஆய்ந்தபோது, நாட்டின் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளானது தெரியவந்தது. தமிழகத்தில் அது 41 சதவீதம்.

கல் சுவர் தீர்வாகுமா?

கருங்கல் சுவர் தனக்குப் பின்னால் உள்ள நிலத்தைக் காக்கிறது. முன்னால் உள்ள மணலை அதனால் காக்க முடியாது. சுவரில் மோதித் திரும்பும் அலை, அதன் அடிமணலையே வாரிச் செல்கிறது. கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் தமக்குத் தெற்கே மணலைச் சேர்க்கின்றன, வடக்கே உள்ள ஊருக்குப் போக வேண்டியதை நிறுத்துகின்றன. தலைமடையில் வாய்க்காலை அடைத்தால் கடைமடை காய்வது போன்றது இது. அடுத்த ஊரும் தூண்டில் வளைவு கேட்க நேர்கிறது. வாசலில் அலை நிற்கும்போது மீனவர் அதைக் கேட்பது முழுக்க நியாயமானது. ஆனால் ஊர் ஊராகக் கல் கொட்டுவதால் அரிப்பு இடம் மாறுகிறதே ஒழியக் குறைவதில்லை.

மணற்பரப்பு போனால் நிலம் மட்டும் போவதில்லை. படகை ஏற்றி நிறுத்தவும், வலையை உலர்த்திச் சீர் செய்யவும், கரைவலை இழுக்கவும் இடமில்லாமல் போகிறது. பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணலும் இல்லாமல் போகிறது. கரை உள்வாங்கும்போது நிலத்தடி நன்னீருக்கும் உப்புநீருக்கும் இடையிலான எல்லையும் ஊருக்குள் நகர்கிறது.

கடல்மட்ட உயர்வு இந்தச் சுமையைக் கூட்டுகிறது. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகின் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. மட்டம் உயர உயர, புயல் அலை எட்டும் தொலைவும் கூடுகிறது.

செய்யக் கூடியவை

தடையின் ஒரு பக்கம் சேரும் மணலை மறுபக்கம் சேர்ப்பதே முதல் வழி. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் குழாய் வழியாக இப்பணி நடக்கிறது. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்காகத் தூர்வாரும் மணல் நகரின் ராமகிருஷ்ணா கடற்கரையில் கொட்டப்படுகிறது. புதுச்சேரியில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த ஆப்பு வடிவ எஃகுத் திட்டு 2018இல் கடலில் மூழ்கடித்து வைக்கப்பட்டது. அது அலையின் வேகத்தைத் தணித்தது. தூர்வாரிய மணலும் கரையில் சேர்க்கப்பட்டதால் தலைமைச் செயலகத்துக்கு எதிரே மீண்டும் மணற்பரப்பு உருவானது.

இரண்டாவது, கரைக்கு இடம் விடுவது. 1991இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இதற்காகவே கட்டுமானங்களுக்கு வரம்பு வைத்தது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டுமானத்துக்கு அனுமதியில்லாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. மணல்மேடுகள் உச்சப் பாதுகாப்பு வகையில் இருந்தாலும், அவற்றைச் சமன் செய்து கட்டடம் எழுப்புவது நிற்கவில்லை.

மூன்றாவது, மணல் ஓட்டத்தை முழுமையாகப் பார்த்துத் திட்டமிடுவது. மணலுக்கு மாவட்ட எல்லையும் மாநில எல்லையும் கிடையாது. புதுச்சேரியில் கட்டிய சுவரின் விளைவைத் தமிழகத்து ஊர்கள் சுமப்பதே அதற்குச் சான்று. கரைக்கு மணல் தரும் ஆறு முதல் அது சென்று சேரும் கடைசிக் கரை வரை ஒரே கணக்கில் வைத்துத்தான் துறைமுகமோ தூண்டில் வளைவோ தீர்மானிக்கப்பட வேண்டும்.

துறைமுகங்கள் தேவை. ஆனால் தெற்கே சேரும் மணலை வடக்கே சேர்க்கும் செலவு, துறைமுகம் இயங்கும் காலமெல்லாம் அதன் நடைமுறைச் செலவாகவே இருக்க வேண்டும். அந்தப் பணத்துக்கும் பொறுப்புக்கும் உறுதியில்லாத எந்தத் திட்டத்துக்கும் அரசு அனுமதி தரக் கூடாது.