உதவப் போறாங்களா, கத்துக்கப் போறாங்களா?

நம்ம ஊர்ல பன்னிரண்டாவது ரிசல்ட் வந்ததும் வீட்டுல ஒரே கேள்விதான்: எந்த காலேஜ், எந்த கோர்ஸ்? கவுன்சலிங் முடியிற வரை யாருக்கும் தூக்கம் கிடையாது. ஜெர்மனியில் அதே வயசுப் பசங்க சிலர் அந்த நேரத்துல வேற முடிவு எடுக்கிறாங்க. அபிட்டூர் என்கிற பள்ளி இறுதித் தேர்வு முடிஞ்சதும் காலேஜை ஒரு வருஷம் தள்ளிப் போட்டுட்டு, முதுகுல ஒரு பெரிய பையை மாட்டிக்கிட்டு கானா, பொலிவியா, கோஸ்டா ரிகா, இந்தியான்னு கிளம்பிடுறாங்க. அங்கே ஒரு பள்ளிக்கூடத்திலோ, மரம் வளர்க்கிற திட்டத்திலோ, ஆமை பாதுகாப்பு மையத்திலோ வேலை.

கேட்கும்போதே ஆசையா இருக்கு இல்லையா? கூடவே ஒரு சந்தேகமும் வரணும். கையில் டிகிரி இல்லை, அந்த ஊர் மொழி தெரியாது, வயசு பத்தொன்பது. இப்படி ஒருத்தர் போய் ஒரு வளர்ச்சித் திட்டத்துல என்னதான் செஞ்சிட முடியும்?

யார் அனுப்புறாங்க, யார் காசு?

ஜெர்மனியில் 2011 வரைக்கும் ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இருந்தது. ராணுவம் வேண்டாம்னு சொன்னவங்க அதுக்குப் பதிலா மருத்துவமனை, முதியோர் இல்லம் மாதிரி இடங்கள்ல வேலை செஞ்சாங்க. சிலர் வெளிநாட்டுக்கும் போனாங்க. அதனால பள்ளிக்கும் காலேஜுக்கும் நடுவுல ஒரு வருஷத்தைச் சேவைக்குக் கொடுக்கிறது அங்கே புதுசு இல்லை.

2008ல் ஜெர்மன் அரசின் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சித் துறை அமைச்சகம் 'வெல்ட்வெர்ட்ஸ்' என்ற திட்டத்தை ஆரம்பிச்சது. 'உலகை நோக்கி' என்று பொருள். 18லிருந்து 28 வயசுக்குள்ள இருக்கிறவங்க 6 மாசத்திலிருந்து 24 மாசம் வரை போகலாம். பெரும்பாலும் ஒரு வருஷம். செலவில் 75 சதவீதம் வரை அரசு கொடுக்கும். மீதியை அனுப்புற தொண்டு நிறுவனம் திரட்டணும். பல நேரம் போற பையனோட சொந்தக்காரங்க, நண்பர்கள்கிட்ட நன்கொடை வாங்கித்தான் அது நிரம்பும். தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, கொஞ்சம் கைச்செலவுக்குப் பணம் எல்லாம் இதுலயே வந்துடும்.

கவனிக்க வேண்டிய விஷயம் ரெண்டு. ஒண்ணு, ஒரு வருஷம் போறவங்க போறதுக்கு முன்னாடி, அங்கே இருக்கும்போது, திரும்பி வந்த பிறகுன்னு மொத்தம் 25 நாள் பயிற்சி வகுப்புல உட்காரணும். ரெண்டு, இந்தத் திட்டம் தன்னை உதவித் திட்டம்னு சொல்லிக்கிறதே இல்லை. 'கற்றல் சேவை'ன்னுதான் சொல்லுது. அந்தப் பேர்லயே பாதி பதில் இருக்கு.

கைக்கு ஏத்த வேலை

முதல்ல நல்லா நடக்கிற இடத்தைப் பார்ப்போம். கோஸ்டா ரிகாவின் கரீபியன் கரையில் டோர்ட்டுகேரோ என்று ஒரு கடற்கரை. பச்சை ஆமைகள் பெருமளவில் முட்டையிட வரும் இடம். 1950களிலிருந்தே அங்கே ஆமைகளுக்கு அடையாள வில்லை போட்டுக் கணக்கெடுக்கிறாங்க. ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் ஆரம்பிச்சு வெச்ச வேலை அது.

சீசன்ல ராத்திரி முழுக்க யாராவது கரையில் நடந்துக்கிட்டே இருக்கணும். வெள்ளை டார்ச் அடிச்சா ஆமை மிரண்டு கடலுக்கே திரும்பிடும், அதனால மங்கலான சிவப்பு வெளிச்சம்தான். ஆமை குழி தோண்டி முடிக்கிற வரை தள்ளி நின்னு காத்திருக்கணும். முட்டை போட ஆரம்பிச்சதும் எண்ணணும். ஒரு குழியில் நூறுக்கு மேல இருக்கும். ஓட்டோட நீளத்தை அளக்கணும், இடத்தைக் குறிச்சு வைக்கணும். சுமார் ரெண்டு மாசம் கழிச்சு, குஞ்சுகள் போனதும் அதே குழியைத் தோண்டி எத்தனை பொரிஞ்சது, எத்தனை பொரியலைன்னு பார்க்கணும். மணல் சூடும் முக்கியம். சுமார் 29 டிகிரிக்கு மேல போனா பெண் குஞ்சுகள் அதிகமாகும், குறைஞ்சா ஆண்.

இந்த வேலையோட தன்மையைப் பாருங்க. ஒரு வாரத்துல கத்துக்கலாம். தப்பு செஞ்சா பக்கத்துல திருத்த ஆள் இருக்கு. ஆனா தூக்கம் கெட்டு, மழையில் நனைஞ்சு, மாசக்கணக்கில் நடக்க நிறைய கால்கள் வேணும். பத்தொன்பது வயசுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. தலைமை தாங்குறது அனுபவம் உள்ள ஆய்வாளர். வந்தவர் உதவிக் கை, அவ்வளவுதான்.

எங்கே சறுக்குது?

அதே ஆளை, பயிற்சியே இல்லாம ஒரு வகுப்பறையில் ஆசிரியராக நிறுத்தினா என்ன ஆகும்? நம்ம ஊர்ல நாம அதை ஒத்துக்குவோமா? பல நாடுகள்ல அது சாதாரணமா நடக்குது. மூணு மாசத்துக்கு ஒருத்தர் வருவார், அதே பாட்டை மறுபடி முதல்லேர்ந்து சொல்லிக் கொடுப்பார், போயிடுவார்.

இதுல மோசமான உதாரணம் கம்போடியா. அங்கே காப்பகங்களின் எண்ணிக்கை 2005ல் 154, 2010ல் 269. அந்தக் குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருந்தாங்க. குழந்தைகளோட கொஞ்ச நாள் இருக்கணும்னு காசு கொடுத்து வர்ற வெளிநாட்டுக்காரங்களும், அவங்க தர்ற நன்கொடையும் பெருகினதும் காப்பகம் நடத்துறது ஒரு தொழிலாவே மாறிடுச்சு. யாரும் கெட்ட எண்ணத்தோட வரலை. ஆனா அவங்க வர்றதே தேவையை உண்டாக்கிடுச்சு.

எஞ்சினியரிங் பக்கமும் இதே கதைதான். கிராமத்துல ஒரு சோலார் விளக்குத் திட்டம். வந்தவங்க பேனல் மாட்டி, ஒயரிங் போட்டு, விளக்கு எரிஞ்சதும் போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. பேனல் இருபது வருஷம் தாங்கும். லெட் ஆசிட் பேட்டரி சில வருஷத்துல செத்துடும். புது பேட்டரிக்கு யார் காசு கொடுப்பாங்க, எந்த ஊர்ல கிடைக்கும், பழசை எங்கே போடுறது? இதை முதல் நாளே கேட்காத திட்டம் கடைசியில் கூரை மேல ஒரு கண்ணாடிப் பலகையாத்தான் நிக்கும். உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூட வெச்சு வேலை செஞ்சிருந்தா, அவரே அடுத்த பத்து வருஷம் அதைப் பார்த்துக்கிட்டிருப்பார்.

திரும்பி வர்றவங்க என்ன சொல்றாங்க?

போய் வந்தவங்க அனுபவத்துல ஒரே மாதிரி ஒரு வரைபடம் தெரியும். முதல் மாசம் உற்சாகம், எல்லாத்தையும் மாத்திடலாம்னு தோணும். மூணாவது மாசம் வாக்கில் 'நான் இங்கே எதுக்கு?'ன்னு ஒரு சோர்வு. மொழி வராது, வேலை கிடைக்காது, காத்திருப்பே அதிகம். ஒண்ணும் தெரியாதபோதும் வெள்ளைத் தோலைப் பார்த்து ஊர்ல நிபுணர் மாதிரி நடத்துவாங்க. அதுவே சிலருக்குக் கூச்சமா இருக்கும். மொழி கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் உண்மையில் கத்துக்க ஆரம்பிக்கிறாங்க. கடைசியில் நிறைய பேர் சொல்றது இதுதான்: கொடுத்ததைவிட வாங்கினது அதிகம்.

வியன்னாவில் பிறந்த சிந்தனையாளர் இவான் இல்லிச் இதை 1968லேயே சொல்லிட்டார். மெக்சிகோவில் சேவை செய்ய வந்த அமெரிக்க மாணவர்கள் கூட்டத்துல, நல்லெண்ணம் மட்டும் போதாது, உதவ வராதீங்க, பார்க்கவும் கத்துக்கவும் வாங்கன்னு முகத்துக்கு நேராவே சொன்னார்.

இன்னொரு நெருடலும் இருக்கு. சுற்றுச்சூழலுக்காகப் போறவர் ஐரோப்பாவிலிருந்து மத்திய அமெரிக்காவுக்கு விமானத்துல போய் வந்தாலே ஒரு டன்னுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு அவர் கணக்குல ஏறிடும். ரெண்டு வாரம் போறதுக்கும் ஒரு வருஷம் தங்குறதுக்கும் அதே டன்தான்.

சரி, கத்துக்கிறதுதான் நோக்கம்னா நாமளும் அங்கே போகலாமே? இந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுத்து 2013ல் வெல்ட்வெர்ட்ஸ் எதிர்த் திசையையும் திறந்தது. கூட்டு நாடுகளைச் சேர்ந்த இளைஞர்கள் ஜெர்மனிக்குப் போய் அங்கே ஒரு வருஷம் சேவை செய்யலாம். ஆனா ஜெர்மன் பாஸ்போர்ட் வெச்சிருக்கிறவர் கிளம்புறதுக்கும் நாம கிளம்புறதுக்கும் வித்தியாசம் விசா வரிசையில் நின்னவங்களுக்குத் தெரியும்.

நாம கேட்க வேண்டிய கேள்விகள்

இதெல்லாம் அவங்க கதைன்னு தள்ளிட முடியாது. என்.எஸ்.எஸ். முகாம்னு ஏழு நாள் ஒரு கிராமத்துக்குப் போறோம். நாம நட்ட கன்னுக்கு எட்டாவது நாள் யார் தண்ணி ஊத்தினாங்கன்னு யாராவது போய்ப் பார்த்திருக்கோமா? சர்டிபிகேட் வந்துடுச்சு, அதோட சரி. நம்மளைவிட அந்த ஜெர்மன் பசங்க ஒரு படி மேல. அவங்களுக்காவது 25 நாள் வகுப்பு இருக்கு.

அதனால எந்த இன்டர்ன்ஷிப், எந்த முகாமா இருந்தாலும் கிளம்புறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு கேள்வியைக் கேட்டுப் பாருங்க:

1. நான் போகலைன்னாலும் இந்த வேலை நடக்க வேண்டிய வேலைதானா?
2. பயிற்சி இல்லாம இதே வேலையை என் தெருவுல செய்ய என்னை விடுவாங்களா?
3. சம்பளத்துக்கு இதைச் செய்யக்கூடிய உள்ளூர் ஆளோட வேலையை நான் பறிக்கிறேனா?
4. நான் போன பிறகு இதை யார் தொடருவாங்க?
5. நான் கட்டுற பணம் யாருக்குப் போகுது?

கடைசியா ஒண்ணு. ஆமைக்காகக் கோஸ்டா ரிகா வரைக்கும் போக வேண்டியதில்லை. 1988லிருந்து சென்னைக் கடற்கரையில் மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு இதே வேலையைச் செய்யுது. ஜனவரியில் ஆரம்பிச்சு சீசன் முழுக்க, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் பக்கம் ராத்திரி நடந்து, பங்குனி ஆமை முட்டைகளைப் பத்திரமா எடுத்துப் பொரிப்பகத்துல வைக்கிறாங்க. நடக்கிறவங்கள்ல நம்ம மாதிரி காலேஜ் பசங்க நிறைய. விசா வேண்டாம், விமானம் வேண்டாம். அடுத்த நாள் காலைல முதல் பீரியட்ல தூக்கம் வரும், அதுக்கு மட்டும் தயாரா இருங்க.