சிசிடிவி இருக்கு... ஆனா பதிவு இல்லை! திருட்டு நடந்த பிறகு தெரியவரும் தவறுகள் என்னென்ன?

வெளியூர் போய்த் திரும்பிய குடும்பம், வீட்டுப் பூட்டு உடைந்து கிடப்பதைப் பார்க்கிறது. தகவல் தெரிந்து வரும் போலீஸார் முதலில் கேட்பது, "கேமரா இருக்கா?" என்பதைத்தான். "இருக்கு சார், நாலு கேமரா போட்டிருக்கோம்" என்று நம்பிக்கையோடு மானிட்டரை ஆன் செய்வார்கள். சிக்கலே அதன்பிறகுதான் தொடங்கும்.

ஒரு கேமராவின் முன்னால் சிலந்தி வலை. இன்னொன்றில் ஆள் நடப்பது தெரிகிறது, முகம் தெரியவில்லை. சரி, மீதியைப் பார்க்கலாம் என்றால், ஹார்ட் டிஸ்க் பழுதாகி பதிவு நின்றே நான்கு மாதம் ஆகியிருக்கும். செல்போனில் மட்டும் லைவ் காட்சி ஜோராக ஓடிக்கொண்டிருந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லாம் சரியாக இருப்பதாக வீட்டுக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

லைவ் தெரிவது வேறு, பதிவாவது வேறு. கேமரா வாங்கும் பலருக்கு இந்த வித்தியாசம் திருட்டு நடந்த அன்றுதான் தெரியவருகிறது.

எத்தனை மெகாபிக்சல் என்று மட்டும் கேட்டால் போதுமா?

போதாது. கடையில் "2 மெகாபிக்சலா, 5 மெகாபிக்சலா?" என்ற பேச்சோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால் முகம் தெரியுமா தெரியாதா என்பதை மெகாபிக்சலோடு சேர்ந்து முடிவு செய்வது லென்ஸ்.

அறிமுகமில்லாத ஒருவரை முகத்தை வைத்து அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 250 பிக்சல் கிடைக்க வேண்டும் என்பது கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேச அளவுகோல். 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம் கொண்டது. கணக்குப் போட்டால், சுமார் ஏழரை மீட்டர் அகலமுள்ள காட்சி வரைதான் அது தாங்கும்.

வீடுகளுக்குப் பெரும்பாலும் மாட்டப்படுவது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். அகலமாகக் காட்டும், தெரு முழுக்கத் தெரியும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த ஏழரை மீட்டர் அகலம் கேமராவிலிருந்து சுமார் 3 மீட்டர் தூரத்திலேயே வந்துவிடும். அதாவது 10 அடிக்கு அப்பால் நிற்பவரின் முகம் மங்கத் தொடங்குகிறது. அதே கேமராவில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் காட்சி குறுகலாகும். ஆனால் 8 மீட்டர் தூரம் வரை முகம் கிடைக்கும்.

அதனால் நான்கு கேமராவும் ஒரே மாதிரி வாங்குவதில் அர்த்தமில்லை. வாசலுக்கு மேலே ஒரு அகல லென்ஸ், கேட்டைக் குறிவைத்து ஒரு குறுகிய லென்ஸ் என்று கலந்து வாங்குவது நல்லது. "சார், எல்லாம் ஒரே செட்டுதான் வரும்" என்று கடைக்காரர் சொன்னால், வேறு கடை பார்க்கலாம்.

டிவிஆரா, என்விஆரா என்ற கேள்வியும் வரும். டிவிஆர் என்றால் ஒவ்வொரு கேமராவுக்கும் கோஆக்சியல் வயரும் தனி மின்சாரமும் வேண்டும். என்விஆரில் ஒரே லேன் கேபிளில் படமும் மின்சாரமும் போகும்படி செய்யலாம், ஆனால் கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே வயர் இழுத்த வீடு என்றால் டிவிஆரே போதும். புதிதாகக் கட்டும் வீடு என்றால் என்விஆருக்குப் போகலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வைஃபை கேமரா வாங்குகிறார்கள். வேலைக்கு ஆகும். ஆனால் பதிவு கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் மட்டும் இருந்தால், கேமராவைப் பிடுங்கிச் செல்பவர் ஆதாரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகிறார்.

10 அடிக்கு மேல் மாட்டினால் என்ன ஆகும்?

தலைமுடியும் தொப்பியும் தெரியும், முகம் தெரியாது. எட்டிப் பறிக்க முடியாத உயரம் வேண்டும் என்று மொட்டை மாடி விளிம்பில் மாட்டிவிட்டு, பிறகு வருத்தப்படுபவர்கள் அதிகம். வாசல் கேமராவுக்கு 8 முதல் 10 அடி உயரமே சரி. உயரத்தில் ஒன்று வேண்டும் என்றால் அது தெருவைப் பார்க்கட்டும், முகத்துக்கு இன்னொன்று கீழே இருக்கட்டும்.

கடைகளில் வேறொரு பிரச்னை. உள்ளேயிருந்து வாசலைப் பார்க்கும் கேமராவில், வெளி வெயிலுக்கு எதிரே உள்ளே வருபவர் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார். டபிள்யூடிஆர் வசதி உள்ள கேமராவாக இருந்தால் இதைச் சமாளிக்கும். இல்லாவிட்டால் கேமராவின் கோணத்தைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும்.

மாட்டிவிட்டுப் போகும் டெக்னீஷியன் பெரும்பாலும் பகலில்தான் வருவார். படம் பளிச்சென்று தெரியும், பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அன்று இரவே வீட்டில் ஒருவரை கேட்டிலிருந்து வாசல் வரை நடக்கச் சொல்லி, அந்தப் பதிவை நிறுத்திப் பார்ப்பது அவசியம். சுவரோ சன்ஷேடோ பக்கத்தில் இருந்தால் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். பகலில் இது தெரியவே தெரியாது.

முகமூடி போட்டு வந்தால் கேமரா என்ன செய்யும் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். 2019 அக்டோபரில் திருச்சி நகைக்கடையில் விலங்கு முகமூடி அணிந்து இருவர் கொள்ளையடித்த காட்சி நாடெங்கும் ஓடியது. ஆனால் முதல் ஆள் சிக்கியது திருவாரூரில் போலீஸார் நடத்திய வாகனச் சோதனையில். எத்தனை பேர், எந்த நேரத்தில் வந்தார்கள், எந்தப் பக்கம் போனார்கள் என்பதைக் கேமரா சொல்லும். எல்லா வழக்கிலும் முகத்தைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

பதிவு எத்தனை நாள் இருக்கும்?

வாங்கும்போது பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி இது. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று, எச்.265 முறையில் வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால், ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. கடையில் வழக்கமாகச் சேர்த்துக் கொடுக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்க் சுமார் 11 நாளில் நிறைந்துவிடும். பழைய எச்.264 முறை என்றால் 5, 6 நாள்தான்.

நிறைந்ததும் டிவிஆர் நிற்காது. பழைய பதிவை அழித்துவிட்டு அதன் மேல் புதிதாக எழுதும். 15 நாள் காசி யாத்திரை போன குடும்பத்தின் வீட்டில் 2-ம் நாளே திருட்டு நடந்திருந்தால், அவர்கள் திரும்பி வரும்போது திருடன் வந்த காட்சி அழிந்து சில நாள் ஆகியிருக்கும். கேமரா, ஹார்ட் டிஸ்க் எதிலும் கோளாறு இருக்காது. கணக்குத்தான் தவறு.

ஒரு மாதப் பதிவு வேண்டும் என்றால் நான்கு கேமராவுக்கு 4 டிபி வாங்குவதே பாதுகாப்பு. அதுவும் கம்ப்யூட்டருக்கான சாதாரண ஹார்ட் டிஸ்க் வேண்டாம். 24 மணி நேரமும் எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று கண்காணிப்புக் கேமராக்களுக்கான டிஸ்க் தனியாக விற்கிறது. ஆள் நடமாடினால் மட்டும் பதிவு செய்யும் வசதியை வைத்து இடத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் மரக்கிளை ஆடும் வாசலில் அது பெரிதாக மிச்சப்படுத்தாது.

இந்த ஒரு செட்டிங் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தமிழ்நாடு மறக்க முடியாத ஒரு வழக்கு காட்டியது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஜெயராஜும் அவரது மகன் பென்னிக்ஸும் உயிரிழந்தனர். விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட், காவல் நிலைய டிவிஆரின் டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தும், தினமும் பதிவு தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். அதேசமயம், பக்கத்தில் இருந்த ஒரு கடையின் சிசிடிவி பதிவு வெளியே வந்தது. அது போலீஸாரின் முதல் தகவல் அறிக்கையில் இருந்த விவரத்துக்கு முரணாக இருந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில், பஞ்சாப் தொடர்பான வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் காவல் நிலையங்களில் சிசிடிவி பதிவை 18 மாதம் வைத்திருக்கும் வசதி வேண்டும் என்று உத்தரவிட்டது. வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் உங்கள் டிவிஆரில் இப்போது இருக்கும் மிகப் பழைய பதிவு எந்தத் தேதி என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். இரண்டு நிமிட வேலை.

டிவிஆரை எங்கே வைப்பது?

ஹாலில் டிவிக்குக் கீழே வைக்கவே கூடாது. போகும்போது டிவிஆர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போவது திருடர்களுக்குப் பழகிப்போன வேலை. பரணிலோ, பூட்டிய அலமாரியிலோ, காற்றோட்டம் இருக்கும்படி வைக்க வேண்டும். சமையலறைப் பரண் வேண்டாம், சூட்டிலும் எண்ணெய்ப் புகையிலும் டிஸ்க் சீக்கிரம் போய்விடும்.

டிவிஆர், கேமராக்களின் அடாப்டர், ரூட்டர் மூன்றுக்கும் யுபிஎஸ் வேண்டும். டிவிஆருக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டுக் கேமரா அடாப்டரை வேறு பிளக்கில் விட்டுவிடும் வீடுகள் நிறைய. கரண்ட் போனால் டிவிஆர் கறுப்புத் திரையை ஒழுங்காகப் பதிவு செய்துகொண்டிருக்கும்!

பாஸ்வேர்டை மாற்றினீர்களா?

2025 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் உள்ளே எடுக்கப்பட்ட காட்சிகள் இணையத்தில் விற்கப்பட்டது தெரியவந்தது. பெண் நோயாளிகள் பரிசோதிக்கப்படும் காட்சிகள் அவை. மருத்துவமனையின் கேமராவுக்குள் வெளியாட்கள் நுழைந்திருந்தார்கள். 'அட்மின்123' போன்ற, வாங்கும்போதே வரும் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதுதான் வழி திறந்துவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது.

இது அங்கே மட்டும் நடந்ததல்ல. 2016-ல் 'மிராய்' என்ற தீய மென்பொருள் உலகம் முழுவதும் ஏராளமான கேமராக்களையும் டிவிஆர்களையும் இதே மாதிரி பாஸ்வேர்டுகள் மூலம் கைப்பற்றியது. அவற்றை வைத்தே பெரிய இணையதளங்கள் முடக்கப்பட்டன.

அதனால் கேமரா மாட்டியவரின் போனில் உங்கள் வீட்டு லைவ் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். "சர்வீஸுக்கு வசதியா இருக்கும்ணே" என்று அவர் சேர்த்து வைத்திருப்பார். வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றி, ஆப்பில் இருக்கும் மற்றவர்களை நீக்கிவிட வேண்டும். படுக்கையறையில் கேமராவே வேண்டாம்.

வாங்கும்போதும் கவனம் தேவை. 2025 ஏப்ரல் 9 முதல், சிசிடிவி கேமராக்கள் மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வகுத்த பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்பது கட்டாயமாகியிருக்கிறது. பெட்டியில் பிஐஎஸ் பதிவு எண் இல்லாத மலிவுச் சரக்கைத் தவிர்த்துவிடலாம்.

பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்கி கேமரா இருந்தால் அதுவும் தகராறுதான். கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வசித்த சகோதரர்களின் வழக்கில், உடன் வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2025-ல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான டிவிஆர்களில் இருக்கிறது.

பராமரிப்பு என்றால் என்ன செய்வது?

மாதம் ஒரு முறை லென்ஸைத் துணியால் துடைப்பது, சிலந்தி வலையை நீக்குவது. இரவில் அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு வயர் இணைப்புகள் ஜங்ஷன் பாக்ஸுக்குள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இந்த இணைப்புகளைத்தான் முதலில் அரிக்கும்.

அதைவிட முக்கியம், முந்தின நாள் இரவு 2 மணிப் பதிவை ஒவ்வொரு கேமராவிலும் ஓடவிட்டுப் பார்ப்பது. அப்படியே திரையில் இருக்கும் நேரத்தை உங்கள் போனோடு ஒப்பிடுங்கள். சில டிவிஆர்கள் சீன நேரத்திலேயே வருகின்றன, இரண்டரை மணி நேரம் முன்னால் காட்டும். நேரம் தவறான பதிவை வைத்து, யாருடைய செல்போன் எப்போது எங்கே இருந்தது என்று போலீஸார் ஒப்பிடுவது பெரிய தலைவலி.

திருட்டு நடந்துவிட்டால்?

பதற்றத்தில் டிவிஆரை ரீசெட் செய்யவோ, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றவோ வேண்டாம். தேவையான நேரத்துக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் சேர்த்து, பென் டிரைவில் உடனே நகல் எடுத்துவிட வேண்டும். மானிட்டரைச் செல்போனில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவசரத்துக்கு உதவும், ஆதாரமாக நிற்காது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்‌ஷிய அதினியம் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, நகல் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்க இரண்டு பகுதி கொண்ட சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அதாவது வீட்டுக்காரரோ கடைக்காரரோ, கையெழுத்திட வேண்டும். இன்னொன்றில் நிபுணர். பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் அதில் இருக்கும். விசாரணை அதிகாரி இதைக் கேட்டு வரும்போது பயந்து ஒதுங்கத் தேவையில்லை. எந்த டிவிஆர், எந்தக் கேமரா, நகல் எப்போது எடுத்தது என்ற விவரங்களை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் போதும்.

டிவிஆரையே போலீஸார் எடுத்துச் செல்ல நேர்ந்தால், சீரியல் எண் எழுதப்பட்ட மகஜரின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வழக்கு முடிந்து பெட்டி திரும்ப நாளாகும். அதுவரை வீட்டில் கேமரா இருக்கும், பதிவு இருக்காது. புதிய டிவிஆருக்கு அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது.