ஊருணி அலையும் டெராஹெர்ட்ஸ் லேசரும்

செட்டிநாட்டு ஊருணி ஒன்றின் படித்துறையில் நின்று, அசையாத நீரில் ஒரு கூழாங்கல்லைப் போடுங்கள். அலை வட்டமாக எல்லாத் திசையிலும் பரவி ஓய்ந்துவிடும். இனி, நண்பர்கள் நால்வர் ஒரே வரிசையில் நில்லுங்கள். முதலாமவர் போட்ட கல்லின் அலை தம்மை எட்டும் கணத்தில் இரண்டாமவர் கல்லைப் போட வேண்டும்; பிறகு மூன்றாமவர், நான்காமவர். வரிசை நீளும் திசையில் முகடும் முகடும் கூடி அலை வலுக்கும். மற்றத் திசைகளில் இவ்வாறு கூடுவதில்லை. அலையை ஒரு திசையில் செலுத்தும் ஆண்டெனாக்கள் பலவற்றின் தத்துவம் இதுதான். ஒரு லேசரின் குறையைத் தீர்க்கவும் இது உதவியிருக்கிறது.

டெராஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு ஒரு லட்சம் கோடி அதிர்வு. நுண்ணலைக்கும் அகச்சிவப்புக் கதிருக்கும் இடைப்பட்ட இவ்வலைகள் துணி, காகிதம், பிளாஸ்டிக் ஆகியவற்றை ஊடுருவும்; நீர் இவற்றை உறிஞ்சிவிடும். இந்தியாவில் இத்திசையில் வழி திறந்தவர் ஜகதீச சந்திர போஸ். சுமார் 5 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள மின்காந்த அலைகளை ஆராய்ந்த அவர், 1897இல் லண்டனில் தம் கருவிகளை விளக்கிக் காட்டினார். அலைகளைச் சேர்த்து வாங்க அவர் பயன்படுத்திய புனல் வடிவக் குழாயே இன்றைய கொம்பு ஆண்டெனாவின் முன்னோடி.

டெராஹெர்ட்ஸ் அலை தரும் அருவி வகைக் குறைகடத்தி லேசர் 2002இல்தான் உருவாயிற்று. அருவி படிப்படியாக விழுவதுபோல, இதில் எலெக்ட்ரான்கள் ஆற்றல் படிகளில் இறங்குகின்றன. இறங்கும்போது கதிர் வெளிப்படுகிறது. ஆனால் லேசர் என்றதும் நாம் எண்ணும் ஊசி போன்ற கற்றை இதில் எளிதில் கிடைப்பதில்லை. ஏன்?

3 டெராஹெர்ட்ஸ் அலையின் நீளம் 100 மைக்ரான். இரு உலோகத் தகடுகளுக்கிடையே உள்ள குறைகடத்திப் படலத்தின் தடிப்போ சுமார் 10 மைக்ரான். தன் நீளத்தில் பத்திலொரு பங்கே உள்ள வாயில் வழியே வெளிவரும் அலை விரிந்து சிதறுகிறது. இதுவே விளிம்பு விளைவு.

2016இல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் சுஷில் குமாரின் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டனர். மேல் தகட்டில் சம இடைவெளியில் நுண்ணிய பிளவுகளை வெட்டினர். ஒவ்வொரு பிளவும் ஒரு கூழாங்கல். இடைவெளி 20 மைக்ரானைச் சற்றே மிஞ்சும்போது, பிளவுகளில் கசியும் அலைகள் தகட்டின் மேற்பரப்பை ஒட்டி ஒத்த கட்டத்தில் கூடுகின்றன. சிறு வாயிலுக்குப் பதிலாக லேசரின் முழு நீளமுமே ஆண்டெனாவாகிறது! கற்றையின் விரிவு 4 பாகையாகக் குறைந்தது. அதாவது, ஒரு மீட்டர் தொலைவில் சுமார் 7 சென்டிமீட்டர் அகலமே.

இதனால் என்ன பயன்? 2023 டிசம்பர் 31 அன்று நாசா அன்டார்க்டிகாவில் பறக்கவிட்ட 'கஸ்டோ' பலூன் தொலைநோக்கியைப் பாருங்கள். விண்மீன்களிடையே உள்ள ஆக்சிஜன் அணுக்கள் வீசும் 4.7 டெராஹெர்ட்ஸ் அலையை அறிய, அதனுடன் ஒரு குறைகடத்தி லேசரின் அலையைக் கலந்தார்கள். இத்தகைய லேசரின் திறன் மிகச் சிறிது. உணர்கருவியும் மிகச் சிறிது. கற்றை சிதறினால் லேசரின் பெரும்பகுதி ஆற்றல் உணர்கருவியைச் சேராமலே போய்விடும். விண்ணிலிருந்து வந்த செய்தியும் வாசிக்கப்படாமல் நின்றுவிடும்.