ஆஞ்சியோவுக்குக் கையா, தொடையா?

நெஞ்சுவலியோடு வந்தவருக்கு ஈசிஜி, எக்கோ, இரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து, "ஆஞ்சியோ பார்த்துவிடலாம்" என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தார் சில கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள். எத்தனை அடைப்பு இருக்கும், ஸ்டென்ட் வைக்க வேண்டியிருக்குமா, காப்பீட்டில் வருமா? இவற்றோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஆஞ்சியோவுக்கான குழாயைக் கை வழியாக விடப் போகிறீர்களா, தொடை வழியாகவா?

கை வழி என்றால் சீக்கிரம் எழுந்து உட்காரலாம், அன்றைக்கே நடக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். அதனால் இதை வெறும் சௌகரியம் சம்பந்தப்பட்ட விஷயமாகவே நினைத்துவிடுகிறார்கள். மாரடைப்போடு வருகிறவருக்கு இது அதைவிடப் பெரிய விஷயம். குழாய் நுழையும் இடத்தில் எவ்வளவு இரத்தம் கசிகிறது என்பது அவர் பிழைப்பதையே பாதிக்கக்கூடியது.

தொடையில் கசிந்தால்

தொடை இடுக்கில் ஓடும் தமனி பெரியது. ஆறேழு மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். ஊசி எளிதில் உள்ளே போகும், தடிமனான குழாயையும் தாங்கும், அங்கிருந்து மகாதமனி வழியாக இதயத்துக்கு நேர்ப்பாதை. மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் அதையே நம்பியிருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

சிக்கல் குழாயை வெளியே எடுத்த பிறகுதான் தொடங்குகிறது. அந்தத் தமனி ஆழத்தில், சதைக்கும் கொழுப்புக்கும் அடியில் கிடக்கிறது. பக்கத்திலேயே பெரிய சிரையும் நரம்பும் ஓடுகின்றன. வெளியிலிருந்து அழுத்திப் பிடித்தாலும் துளை சரியாக அடைபட்டதா என்று எல்லா நேரமும் சொல்ல முடியாது. இரத்தம் கட்டிக் கொள்ளலாம், துளையை ஒட்டி இரத்தம் பை போலப் புடைக்கலாம், தமனிக்கும் சிரைக்கும் இடையில் தவறான இணைப்பு உண்டாகலாம். எல்லாவற்றிலும் மோசமானது, இரத்தம் வயிற்றுக்குப் பின்புறம் போய்த் தேங்குவது. வெளியே ஒரு துளி தெரியாது. நோயாளி முதுகு வலிக்கிறது, வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்பார். இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கும்போதுதான் விஷயம் புரியும்.

சாதாரண நாளில் ஓர் ஊசித்துளை தானே அடைபட்டுவிடும். மாரடைப்பு நோயாளிக்கோ ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் அல்லது டிகாகிரெலார், மேலே ஹெப்பாரின் என்று இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளாகவே கொடுத்திருப்பார்கள். அடைப்பில் இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கவும் புதிய ஸ்டென்டைக் காக்கவும் அவை தேவை. அதே மருந்துகள்தான் தொடைத் துளையிலும் கசிவை நீட்டிக்கின்றன. கசிவு அதிகமானால் அந்த மருந்துகளை நிறுத்த வேண்டி வரும். நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம். தொடையில் தொடங்கிய ஒரு கசிவு இப்படித்தான் இதயத்துக்கே திரும்பி வருகிறது.

மணிக்கட்டின் அமைப்பு

கட்டைவிரல் பக்கம், வைத்தியர் நாடி பிடித்துப் பார்க்கும் இடத்தில் ஓடுவது ஆரத்தமனி. இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் அகலம்தான். தோலுக்கு நேர் அடியில் இருக்கிறது, அதற்குப் பின்னால் கெட்டியான எலும்பு. ஒரு விரலால் அழுத்தினாலே இரத்தம் நின்றுவிடும். கசிந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒளிந்து தேங்குவதற்கு அங்கே பெரிய இடமில்லை.

இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. உள்ளங்கைக்குச் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து மற்றொரு தமனியும் வருகிறது. இரண்டும் உள்ளங்கையில் வளைவாக இணைகின்றன. ஒரே வயலுக்கு இரண்டு வாய்க்கால் பாய்வது போன்ற ஏற்பாடு இது. ஒன்று அடைபட்டாலும் பெரும்பாலானோருக்கு விரல்கள் வாடுவதில்லை. சிகிச்சைக்குப் பிறகு ஆரத்தமனி அடைபட்டுப் போவது உண்டு. நோயாளிக்குப் பெரும்பாலும் அது தெரிவதே இல்லை. அதற்காக அதை அலட்சியமாக விடக் கூடாது. அடைபட்ட தமனியை அடுத்த முறை பயன்படுத்த முடியாது. நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவாகவே இது நேர வேண்டும் என்பது நிபுணர்கள் வகுத்த இலக்கு. போதிய ஹெப்பாரின் கொடுப்பதும், மெல்லிய குழாயைத் தேர்வதும், முடிந்த பின் மணிக்கட்டில் பட்டை கட்டும்போது நாடி முழுவதும் நின்றுவிடாதபடி அளவாக இறுக்குவதும் இதைத் தடுக்கும் வழிகள்.

கையில் தொடங்கிய கதை

கை வழி என்பது நேற்று வந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர் தம் முழங்கை மடிப்பின் சிரை வழியாகத் தாமே ஒரு குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே அறைக்குப் போய், அது இதயத்தை எட்டியதைப் படமெடுத்துக் காட்டினார். அதற்கான நோபல் பரிசு 1956-இல்தான் வந்தது. இதயத் தமனிக்குள் நேரடியாகச் சாய மருந்து செலுத்திப் படமெடுக்கும் முறையை 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தொடங்கிவைத்த மேசன் சோன்ஸும் முழங்கைப் பக்கத் தமனியைத்தான் திறந்தார்.

தொடைக்கு மாறியது வசதியால். தோலைக் கிழிக்காமல் ஊசியும் கம்பியும் கொண்டு குழாயைச் செலுத்தும் வழியை 1953-இல் ஸ்வீடனின் செல்டிங்கர் காட்டினார். தொடையிலிருந்து போனால் தானாகவே இதயத் தமனியின் வாயில் போய் அமரும்படி வளைத்து வைத்த குழாய்களை 1967-இல் ஜட்கின்ஸ் அறிமுகப்படுத்தினார். 1977-இல் சூரிச்சில் குருன்ட்சிக் முதல் பலூன் சிகிச்சையைச் செய்தபோது பயன்படுத்திய குழாய்கள் மிகவும் தடிமனானவை; மணிக்கட்டை நினைத்துப் பார்க்கவே முடியாது.

குழாய்கள் மெலிந்த பிறகு பாதை திரும்பியது. மொன்ட்ரியாலின் லூசியன் காம்போ, மணிக்கட்டு வழியாக 100 பேருக்கு ஆஞ்சியோகிராம் செய்த அனுபவத்தை 1989-இல் வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாமின் ஃபெர்டினான்ட் கீமனை 1992-இல் அதே வழியில் அடைப்பை நீக்கும் சிகிச்சையையும் செய்தார். இந்தியாவில் இந்த முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அகமதாபாத்தின் தேஜஸ் படேல். பிற மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதையும் அவர் தம் பணியாகவே எடுத்துக்கொண்டார்.

எண்கள் சொல்வது

2011-இல் வெளியான ரைவல் ஆய்வில் 32 நாடுகளைச் சேர்ந்த 7,021 பேர் இருந்தார்கள். இரத்தக்குழாய் தொடர்பான பெரிய சிக்கல்கள் தொடை வழியில் 3.7 சதவீதம், கை வழியில் 1.4 சதவீதம். ஆனால் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், பெரிய இரத்தக்கசிவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது இரு வழிகளுக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. 2015-இல் வெளியான, 8,404 பேரைக் கொண்ட மேட்ரிக்ஸ் ஆய்வில் மரண விகிதம் தொடையில் 2.2, கையில் 1.6 சதவீதம். கனடாவில் நடந்து 2020-இல் வெளியான சஃபாரி ஆய்வு மரணத்தில் வித்தியாசம் இல்லை என்றது. தொடை வழியில் நல்ல பழக்கமுள்ள கைகள் செய்தால் அதுவும் பத்திரமாகவே முடிகிறது என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது; அதை மறைத்து எழுதுவது நியாயமாகாது.

இப்படிப்பட்ட ஏழு ஆய்வுகளில் பங்கேற்ற 21,600 பேரின் விவரங்களை ஒன்றாகத் திரட்டி 2022-இல் அலசினார்கள். 30 நாட்களுக்குள் நேர்ந்த மரணம் கை வழியில் 1.6, தொடை வழியில் 2.1 சதவீதம். பெரிய இரத்தக்கசிவு 1.5-க்கு 2.7. வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். இருநூறு மாரடைப்புக் குடும்பங்களில் ஒரு குடும்பத்துக்கு அது ஓர் ஆள். ஐரோப்பிய இதயவியல் சங்கமும் அமெரிக்க அமைப்புகளும் தங்கள் வழிகாட்டுதல்களில் கை வழிக்கு முதல் தரப் பரிந்துரை தந்திருப்பதும் இத்தகைய ஆய்வுகளால்தான்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஆரத்தமனி இன்னும் மெல்லியது, சட்டென்று சுருங்கிக்கொள்ளும், கை வழி தோற்றுப்போகும் வாய்ப்பும் ஆண்களைவிட அதிகம். அதே சமயம் தொடையில் இரத்தக்கசிவு அவர்களுக்குத்தான் அதிகம் நேர்கிறது. ஆகவே "சின்ன கை, வேண்டாம்" என்று தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. முயன்று பார்ப்பதில்தான் அவர்களுக்கு லாபம்.

யாருக்குக் கை வேண்டாம்

சிறுநீரகம் வெகுவாகப் பழுதடைந்தவர்கள் முதலில். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா போட்டிருந்தால் அந்தக் கையைத் தொடவே கூடாது. இனிமேல் போட வேண்டியிருக்கும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பல நேரங்களில் மணிக்கட்டுத் தமனியையும் பக்கத்துச் சிரையையும் இணைத்துத்தான் ஃபிஸ்டுலா அமைக்கிறார்கள். ஆஞ்சியோவில் அந்தத் தமனி அடைபட்டுவிட்டால் பிற்பாடு டயாலிசிஸுக்கு வழி குறைந்துவிடும். சர்க்கரை நோயால் இதயமும் சிறுநீரகமும் ஒன்றாகப் பழுதடைவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. கிரியேட்டினின் அதிகமாக உள்ள நோயாளியின் குடும்பத்தார் இதயநோய் மருத்துவரிடம் மட்டும் பேசி முடிவெடுக்காமல், சிறுநீரக மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மிக அவசியம்.

பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு ஆரத்தமனியை எடுத்துப் பயன்படுத்தும் திட்டம் இருந்தாலும், மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு ஒரு கை வீங்கியிருந்தாலும், அந்தக் கையைத் தவிர்ப்பார்கள். ஏற்கெனவே பைபாஸ் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் இடது கை வசதி. தடிமனான கருவிகள் தேவைப்படும் வால்வு மாற்றச் சிகிச்சைக்கும், இதயத்துக்கு முட்டுக்கொடுக்கும் பம்புகளுக்கும் இன்றைக்கும் தொடைதான்.

கட்டைவிரலின் அடிப்பக்கக் குழியில், புறங்கையில், ஊசி குத்தும் முறையும் இப்போது பரவி வருகிறது. மணிக்கட்டுத் தமனி அடைபடாமல் இருக்க அது உதவும் என்பது எதிர்பார்ப்பு.

உள்ளே போகும் முன்

கையில் செய்வதாகச் சொல்லிவிட்டுத் தொடையிலும் முடியை மழித்துத் துடைத்து வைப்பார்கள். பயப்பட வேண்டாம். தமனி சுருங்கிக்கொண்டாலோ, வழியில் வளைந்து சுருண்டிருந்தாலோ, மருத்துவர் தொடைக்கு மாற வேண்டியிருக்கும். ரைவல் ஆய்வில் நூற்றில் ஏழெட்டுப் பேருக்கு அப்படி ஆனது. சுருக்கத்தைத் தளர்த்தக் குழாய் வழியாகவே மருந்து கொடுப்பார்கள். அந்த நேரத்தில் கை கொஞ்சம் எரியும். வலி தாங்க முடியாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டிராமல் சொல்லிவிடுங்கள். வலியும் பயமும் தமனியை இன்னும் சுருக்கும்.

வளையல், கடிகாரம், கோயில் கயிறு எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிடுங்கள். வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மருந்துகள் சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

பட்டை கட்டிய கையோடு

முடிந்ததும் மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை ஒன்றைக் கட்டி, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள். அன்றைக்கு மணிக்கட்டை மடக்கக் கூடாது. வலது கை என்றால் சோற்றைப் பிசைவதும் அதில் சேரும். இடது கையில் ஸ்பூன் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், ஈரத்துணி பிழிவது, பைக்கின் ஆக்சிலரேட்டரை முறுக்குவது இவற்றுக்கெல்லாம் சில நாள் விடுமுறை கொடுங்கள். எத்தனை நாள் என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இரத்தம் கசிந்தால் அந்த இடத்தை விரலால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். நிற்காவிட்டாலோ பீறிட்டு வந்தாலோ, அழுத்திய விரலை எடுக்காமலே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். முன்கை கல் போல இறுகி வீங்கினாலும், விரல்கள் வெளுத்துச் சில்லிட்டாலும், மரத்துப்போனாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

மாரடைப்பு வந்த அவசரத்தில் கேள்வி கேட்க நேரம் இருக்காது. அப்போது மருத்துவர் தமக்குப் பழகிய வழியில் வேகமாகச் செய்யட்டும். தேதி குறித்துச் செய்யும் ஆஞ்சியோ என்றால், "டாக்டர், கை வழியாகச் செய்ய முடியுமா? நீங்கள் வழக்கமாக அப்படித்தான் செய்கிறீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். உங்களுக்குத் தொடைதான் சரி என்று அவர் சொன்னால், அதற்கான காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.