தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்: கானாவும் ராக்கும்

வடசென்னை உழைப்பாளர் குடியிருப்புகளில் இழவு வீட்டிலும் கொண்டாட்டத்திலும் பாடப்பட்டு வளர்ந்த கானாவை, அமெரிக்காவில் பிறந்த ராக் இசையோடும், தாளத்துக்கேற்பச் சொற்களை அடுக்கிப் பேசும் ராப்போடும் இணைத்த இக்குழு, இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்க, 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முறையாக மேடையேறியது. குழுவின் பெயர் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்தைத் தழுவியது. இடஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் பாடுபொருளாயின. பறையும் சட்டி மேளமும் மின்கிதாருக்குத் துணையாக ஒதுங்காமல் பாட்டை முன்னின்று நடத்துவதே இக்கலப்பின் வலிமை. குடமும் உடுக்கையும் கதையை இழுத்துச்செல்லும் வில்லுப்பாட்டுக்குப் பழகிய, குமரி மாவட்டக் குழித்துறைச் செவிகளுக்கு இது அந்நியமாக இராது. ஆண்களே பெரிதும் பாடிவந்த கானாவைப் பாடிய இக்குழுவின் இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.