படக்கதை மரபும் படிப்போர் நினைவும்

ஆசிரியர் பலர் கைப்பட்ட கதையின் ஒருமையைக் காப்பவர் யாவர் என்னும் வினாவிற்கு அமெரிக்கப் படக்கதைகள் தக்கதொரு சான்றாகும். 1940இல் தோன்றிய ‘ஃபிளாஷ்’ என்னும் விரைவு வீரன் ஜே காரிக் ஆவான். 1956இல் டி.சி. நிறுவனம் அப்பெயரைப் பாரி ஆலன் என்னும் புதியோனுக்கு வழங்கிற்று. 1961இல் இருவரும் ஒரே கதையில் எதிர்ப்பட்டனர். அம்முரணைத் தீர்க்க உலகங்கள் இரண்டெனக் கொள்ளப்பட்டது.

உலகங்கள் பலவாய்ப் பெருகவே, 1985-86இல் மார்வ் உல்ஃப்மேன் எழுத, ஜார்ஜ் பெரெஸ் வரைந்த 12 இதழ்த் தொடர் அவற்றை ஒன்றாக்கிற்று. பாரி ஆலன் அதில் மாண்டான். 2011இல் 52 தொடர்கள் முதல் இதழினின்றும் தொடங்கப்பெற்றன.

எழுதுவோரும் வரைவோரும் மாறுவர், உடைமை நிறுவனத்தினது. ஆயின், முன்னும் பின்னும் ஒப்புநோக்கி முரண் காண்பவர் படிப்போரே. ஆதலின், அவர்தம் வாதத்தை வீண் பூசலெனத் தள்ளுதல் பொருந்தாது. மரபின் காவல் அவர் நினைவிலேயே உள்ளது.